விற்பனை அறிவிப்பில் எவ்வளவு எழுதுவது?

பூக்கடைக்கு விளம்பரம் வேண்டியதில்லை என்பது நம் நாட்டுப் பழமொழி. அது மெய்தான். ஆனால் கடைத்தெருவில் நடந்து செல்பவருக்கு மட்டுமே பொருந்தும் மெய் அது. மல்லிகையின் மணம் தெருக்கோடி வரை செல்லும். அடுத்த ஊருக்குச் செல்லாது. ஜமக்காளத்தின் உறுதியும், மஞ்சளின் நிறமும் அத்தகையனவே. தொட்டுப் பார்த்தவரும் முகர்ந்து பார்த்தவரும் அவற்றை அறிவர். தொலைவில் இருப்பவருக்கு அவற்றை அறிவிக்க நம்மிடம் உள்ள கருவி எழுத்து ஒன்றே.

நமது சங்கங்கள் இன்று பல வகைகளில் எழுதுகின்றன. விலைப்பட்டியல், துண்டுப் பிரசுரம், சரக்கில் கட்டும் சீட்டு, கண்காட்சியில் தொங்கவிடும் பலகை, கைப்பேசி வழியே படத்துடன் அனுப்பும் குறிப்பு ஆகிய யாவற்றையும் இப்பாடத்தில் 'விற்பனை அறிவிப்பு' என்னும் ஒரே பெயரால் குறிப்போம். இவற்றுள் ஒன்றை எழுத உட்காரும்போதெல்லாம் நிர்வாகக் குழுவில் ஒரு வாதம் எழுவது வழக்கம். "இக்காலத்தில் யார் படிக்கிறார்கள்? படமும் விலையும் போதும்" என்பர் ஒரு சாரார். "சங்கத்தின் சிறப்பு முழுவதையும் எழுதினால்தான் மதிப்பு" என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் சொற்களின் எண்ணிக்கையைப் பற்றியே வாதாடுகின்றனர். பிழை அங்கேதான் தொடங்குகிறது என்பது நமது கருத்து.

நாம் பட்ட அனுபவம்

சில ஆண்டுகளுக்கு முன் நமது சங்கம் அச்சிட்ட விலைப்பட்டியல் ஒன்றை இங்கு நினைவு கூர்வோம். அதன் முதற்பக்கம் முழுவதும் "தலைசிறந்த", "ஈடு இணையற்ற", "உலகப் புகழ் வாய்ந்த" முதலிய அடைமொழிகளால் நிறைந்திருந்தது. உள்ளே ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு வரி. ஜமக்காளத்திற்கு எதிரே "பெரிய அளவு" என்றும் விலையும் மட்டுமே காணப்பட்டன. வெளியூர்த் திருமண மண்டபத்தார் ஒருவர் அதைப் படித்துப் பன்னிரண்டு ஜமக்காளங்கள் கேட்டு எழுதினார். நாமும் மகிழ்ந்து அனுப்பினோம். பந்தியில் விரிக்கும் நீளம் என்று அவர் கருதியிருந்தார். நாமோ இருவர் படுக்கும் அளவையே பெரிய அளவு என்று வழங்கி வந்தோம். சரக்குத் திரும்பி வந்தது. போக வர லாரி வாடகை சங்கத்தின் தலையில் விழுந்தது. அத்தொகை விற்று வந்தால் கொடுப்பதாகச் சொல்லியிருந்த கூலியை நெசவாளர் இருவர் தீபாவளி வரையில் எதிர்பார்த்திருக்க நேர்ந்தது.

இதில் மண்டபத்தார் குற்றம் ஒன்றும் இல்லை. நீளம் இத்தனை அடி, அகலம் இத்தனை அடி என்னும் சில சொற்களை எழுதாதது நமது குற்றம். அதே தாளில் ஒரு பக்கம் முழுவதும் வேண்டாத சொற்களுக்கு இடம் கொடுத்ததும் நமது குற்றமே. நன்னூல் எண்ணும் பத்துக் குற்றங்களுள் குன்றக் கூறலும் மிகைபடக் கூறலும் முதலில் நிற்பவை. அவ்விரண்டையும் ஒரே தாளில் நாம் செய்து காட்டினோம்! ஓர் அறிவிப்பு மிக நீண்டதாகவும் மிகக் குறுகியதாகவும் ஒரே சமயத்தில் இருக்கக் கூடும் என்பதை அன்று அறிந்தோம். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை சொல்?" என்பதன்று, "வாங்குபவர் பணத்தை எடுக்குமுன் எதை அறிய வேண்டும்?" என்பதே.

எழுத்து எதன் வேலையைச் செய்கிறது?

நமது விற்பனை நிலையத்திற்கு ஓர் அம்மையார் சேலை வாங்க வருகிறார் என்று கொள்வோம். முந்தானையை விரித்துப் பார்க்கிறார், விரலிடையே துணியைத் தேய்க்கிறார், வெளிச்சத்தில் பிடிக்கிறார், "சாயம் போகுமா, தம்பி?" என்று விற்பனையாளரைக் கேட்கிறார். கண்ணும் கையும் நாவும் அங்கே வேலை செய்கின்றன. அங்கு சீட்டில் விலையும் முத்திரையும் இருந்தால் பெரும்பாலும் போதும். அதே அம்மையார் முந்நூறு மைலுக்கு அப்பால் இருந்து வாங்குவாராயின், அந்த விரலின் வேலையையும், விற்பனையாளரின் விடையையும் அறிவிப்பே செய்தாக வேண்டும். அப்போது எழுத்து நீள்வது இயல்பு.

இவ்வுண்மையை முதலில் பெரிய அளவில் கையாண்டவர்களுள் ஒருவர் அமெரிக்க நாட்டின் சிகாகோ நகரத்து வணிகர் ஆரன் மான்ட்கோமரி வார்டு. 1872-ஆம் ஆண்டில் ஒற்றைத் தாளில் அச்சிட்ட விலைப்பட்டியலுடன் அவர் தொழிலைத் தொடங்கினார். அவர் முதலில் நாடியது கிரேஞ்சு என்னும் உழவர் சங்கத்தின் அங்கத்தினர்களை. பட்டணத்துக் கடையைக் கண்ணால் காணாத அந்த உழவர்கள் தபாலில் பணம் அனுப்பிச் சரக்கு வாங்க வேண்டியிருந்தது. அவர்கள் ஐயம் நீங்க நீங்க வியாபாரம் பெருகிற்று. ஒற்றைத் தாளும் நாளடைவில் நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட புத்தகமாகியது. ஒவ்வொரு பொருளுக்கும் படமும், அளவும், விவரமும் அதில் இடம்பெற்றன. மனம் நிறையாவிடில் பணம் திருப்பித் தரப்படும் என்ற உறுதியையும் அவர் 1875-இல் அளித்தார். சரக்கைத் தொட முடியாதவருக்கு விவரமும் உறுதிமொழியுமே கைப்பிடி என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

நமக்குப் பழகியது, அவருக்குப் புதியது

"எழுத என்ன இருக்கிறது? எல்லாத் தறியிலும் இப்படித்தானே நெய்கிறார்கள்!" என்று நம்மவர் கூறுவதுண்டு. இதற்கு விடையாக மற்றொரு செய்தியைக் கூறுவோம்.

கிளாட் ஹாப்கின்ஸ் என்னும் அமெரிக்க விளம்பர எழுத்தாளர் 1927-இல் வெளிவந்த தம் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சியை விவரிக்கிறார். மில்வாக்கி நகரத்து ஷிலிட்ஸ் என்னும் மதுபான ஆலையின் சரக்குக்கு விளம்பரம் எழுதும் பணி அவருக்கு வந்தது. அந்தப் பானம் நமக்கு உவப்பானதன்று, பாடம் உவப்பானது. அக்காலத்தில் எல்லா ஆலையாரும் "தூய்மையானது" என்ற ஒரு சொல்லையே பெரிய எழுத்தில் அச்சிட்டு வந்தனர். ஹாப்கின்ஸ் ஆலைக்குள் சென்று பார்த்தார். வடிகட்டிய காற்று நிரம்பிய கண்ணாடி அறைகளையும், மிக ஆழமான ஊற்றுக் கிணறுகளையும், இயந்திரத்தால் புட்டிகளைக் கழுவும் முறையையும் கண்டு வியந்தார். "இதை ஏன் சொல்வதில்லை?" என்று வினவினார். "எல்லா ஆலைகளிலும் இப்படித்தான்" என்றனர். ஒருவரும் மக்களுக்குச் சொன்னதில்லையே என்று கூறி, அவர் அவற்றையே விவரமாக எழுதினார். விற்பனை பெருகியது என்பது அவர் தரும் சாட்சியம்.

நமது தறிமேடையிலும் இத்தகைய செய்திகள் நிறைய உள்ளன. பாவு ஓடுதல், கஞ்சி போடுதல், அறுந்த இழையைக் கையால் முடிந்து சேர்த்தல் ஆகியவை நமக்கு அன்றாட வேலைகள்; வாங்குபவருக்கோ அவர் கொடுக்கும் விலைக்குரிய காரணங்கள். விசைத்தறித் துணியைவிடக் கைத்தறித் துணி ஏன் விலை கூடுதல் என்று அவர் மனத்தில் எழும் கேள்விக்கு, "ஈடு இணையற்றது" என்பது விடையாகாது. இத்தனை நாள், இத்தனை கை, இன்ன வேலை என்பதே விடையாகும்.

1958-இல் டேவிட் ஓகில்வி என்பவர் ரோல்ஸ் ராய்ஸ் மோட்டார் வண்டிக்கு எழுதிய விளம்பரமும் இதையே காட்டுகிறது. மணிக்கு 60 மைல் வேகத்தில் ஓடும்போதும் வண்டிக்குள் உரத்துக் கேட்கும் ஒலி மின்சாரக் கடிகாரத்தின் ஒலியே என்பது அதன் தலைப்பின் கருத்து. அதன் கீழே எண்ணிட்டு வரிசையாகப் பல நூறு சொற்களில் வண்டியைப் பற்றிய செய்திகள் வந்தன. நீளமாக இருந்தும் அது புகழ் பெற்றது. ஏனெனில் ஒவ்வொரு வரியும் ஒரு செய்தி. பெரும் பணம் செலவிடப் போகிறவர் பொறுமையாகப் படிப்பார். வெற்றுப் புகழுரையைத்தான் எவரும் படிப்பதில்லை.

நீளத்தை நிர்ணயிக்கும் நான்கு

ஓர் அறிவிப்பு எவ்வளவு நீளலாம் என்பதை நான்கு கேள்விகளால் அறியலாம்.

முதலாவது, விலை என்ன? குறைந்த விலையுள்ள துண்டுக்கு நான்கு வரி போதும். பல ஆயிரம் ரூபாய் பெறும் பட்டுச் சேலைக்கு ஒரு பக்கமும் மிகையன்று.

இரண்டாவது, பொருள் அவருக்குப் பழக்கமானதா? வேட்டி இன்னது என்று நம் நாட்டாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜமக்காளத்தைக் கண்டறியாத வடநாட்டாருக்கோ அயல்நாட்டாருக்கோ அது எதற்குப் பயன்படுவது என்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

மூன்றாவது, அவர் எங்கே நின்று படிக்கிறார்? கண்காட்சிப் பலகையை நடந்துகொண்டே பார்ப்பவர் சில சொற்களையே படிப்பார். வீட்டில் அமர்ந்து கைப்பேசியில் பார்ப்பவர், விருப்பம் உண்டானால், முழுவதையும் படிப்பார்.

நான்காவது, தவறினால் அவருக்கு என்ன நட்டம்? திருமணத்திற்கு வாங்குபவர் தவறினால் முகூர்த்த நாள் திரும்பி வாராது. அத்தகையவருக்கு எல்லா ஐயங்களையும் முன்னதாகவே நீக்க வேண்டும்.

ஒரே சரக்குக்கு இரு நீளங்கள் தேவைப்படுவதும் உண்டு. மஞ்சள் பயிரிடும் அங்கத்தினர்கள் இதைக் கவனிக்க. மூட்டைக் கணக்கில் வாங்கும் வியாபாரிக்கு விரலியா கிழங்கா, ஈரப்பதம் எவ்வளவு, எத்தனை மூட்டை, எந்த அறுவடை என்னும் ஒரு வரி போதும். மாதிரியைக் கையால் ஒடித்துப் பார்த்து மற்றதை அவரே அறிவார். அதே மஞ்சளை அரைத்துப் பொட்டலமாக வாங்கும் இல்லத்தரசிக்கு ஒடித்துப் பார்க்க வழியில்லை. மஞ்சள் தூளில் நிறத்திற்காக ஈயம் கலந்த நச்சுச் சாயம் சேர்க்கும் கொடுமை உண்டென்று அவர் கேள்விப்பட்டிருப்பார். எந்த ஊரில் விளைந்தது, எங்கே அரைத்தது, என்று கட்டியது, எந்தப் பரிசோதனை செய்யப்பட்டது என்பனவற்றை அவருக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

எதை அடிப்பது, எதை வைப்பது?

எழுதி முடித்த பின் ஒவ்வொரு சொற்றொடரையும் ஒரு சோதனைக்கு உட்படுத்துக. "இதே சொற்றொடரைப் போலிச் சரக்கு விற்பவரும் கூசாமல் எழுதக் கூடுமா?" என்று கேட்க வேண்டும். எழுதக் கூடுமாயின் அதை அடித்துவிடலாம். "தரமானது" என்று எவரும் எழுதுவர். "பாவும் ஊடையும் பருத்தி, கைத்தறியில் நெய்தது, நெய்தவர் பெயர் இன்னது" என்று போலிச் சரக்கு விற்பவர் எழுதினால் சட்டத்தின் பிடியில் அகப்படுவார். 1985-ஆம் ஆண்டின் சட்டம் கைத்தறிக்கென 11 வகைத் துணிகளை ஒதுக்கி வைத்துள்ளது; ஜமக்காளம் அவற்றுள் ஒன்று. 2006-இல் ஏற்பட்ட கைத்தறி முத்திரையும் நமக்குத் துணை. அடைமொழிகளை விட அந்தச் சிறு முத்திரை அதிகம் பேசும்.

உதாரணமாக இரண்டு அறிவிப்புகளை ஒப்பிடுவோம். முதலாவது:

"பாரம்பரியப் பெருமை மிக்க, கண்ணைக் கவரும் வண்ணங்களில், தலைமுறை தலைமுறையாகப் போற்றப்படும் தலைசிறந்த ஜமக்காளம். இன்றே வாங்கிப் பயன் பெறுவீர்!"

இரண்டாவது:

"பவானி ஜமக்காளம். நீளம் 7 அடி, அகலம் 5 அடி. இருவர் தாராளமாகப் படுக்கலாம். முழுவதும் பருத்தி, தடித்த நூலில் கைத்தறியில் நெய்தது. சிவப்பு, பச்சை, கறுப்புப் பட்டைகள். முதல் இரண்டு சலவைகளில் தனியே நனைக்க. சிறிது சாயம் இறங்கும். வெந்நீர் கூடாது, நிழலில் உலர்த்துக. அளவு ஒவ்வாவிடில் ஏழு நாளில் மாற்றித் தருவோம்."

அளவும் பிறவும் உதாரணத்திற்காகவே கூறப்பட்டன. தத்தம் சரக்கை அளந்து, நனைத்துப் பார்த்து எழுதுக. இரண்டாவது அறிவிப்பு முதலாவதைப் போல் இருமடங்குக்கு மேல் நீளம். ஆயினும் எதை நீண்டது என்று வாசகர் சலிப்பார்? முதலாவதில் ஒரு செய்தியும் இல்லை. இரண்டாவதில் எந்தச் சொல்லை எடுத்தாலும் ஒரு கேள்வி விடையின்றி நிற்கும்.

தொழிற்சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. "80-ஆம் நம்பர் நூல்" என்று எழுதினால் நமக்குப் புரியும். ஒரு பவுண்டு எடையில் 840 கெஜச் சிட்டங்கள் எத்தனை அடங்கும் என்பதே நூலின் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெல்லியதாகும். வாங்குபவர் இக்கணக்கை அறியார். ஆகவே நம்பரை எழுதி, "மெல்லிய நூல், கோடைக்கு உகந்தது" என்று பயனையும் சேர்த்து எழுத வேண்டும். சில சொற்கள் கூடினாலும் பொருள் விளங்கும்.

குறைக்கக் கூடாதவை

சுருக்கம் நல்லது என்பதற்காக மறைத்தல் நல்லதாகிவிடாது. சாயம் சிறிது இறங்கும், முதற்சலவையில் துணி சுருங்கும், கையால் நெய்ததால் இழையில் சிறு ஏற்றத்தாழ்வு இருக்கும் என்பன போன்றவற்றை எழுதினால் விற்பனை குறையும் என்று சிலர் அஞ்சுகின்றனர். எழுதாவிட்டால் சரக்குத் திரும்பி வரும். அதனுடன் நம்பிக்கையும் போய்விடும். முக்கியமான செய்தியை வேண்டுமென்றே மறைப்பதும் தவறான விளம்பரமே என்று 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது.

பொட்டலம் கட்டி விற்கும் சரக்குக்கு 2011-ஆம் ஆண்டின் எடையளவு விதிகள் உண்டு. தயாரித்தவர் அல்லது கட்டியவர் பெயர், முகவரி, பொருளின் பெயர், நிகர அளவு, மாதமும் ஆண்டும், எல்லா வரிகளும் உட்பட்ட சில்லறை விலை, புகார் தெரிவிக்க வேண்டிய இடம் ஆகியவை சீட்டில் இருத்தல் வேண்டும். உணவுப் பொருளாயின் 14 இலக்க உரிம எண்ணும் வேண்டும். ஈரோடு மஞ்சள் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் அக்குறியீட்டைப் பொறித்து விற்கும் உரிமை பயனாளராகப் பதிவு செய்துகொண்டவருக்கே உண்டு. நமது சங்கம் பதிவு பெற்றுள்ளதா என்று அறிந்த பின்னரே அதை அச்சிடுக.

படிக்கட்டு முறை

நீண்ட அறிவிப்பைக் கண்டு அவசரக்காரர் ஓடிவிடாமல் இருக்க ஒரு வழி உண்டு. செய்திகளைப் படிக்கட்டுப் போல் அடுக்க வேண்டும். முதற்படியில் பொருள் யாது, என்ன அளவு, என்ன விலை என்பன இருக்கட்டும். அங்கேயே நிறைவு பெற்றவர் வாங்கிவிடுவார். இரண்டாம் படியில் நூல், சாயம், சலவை, மாற்றித் தரும் உறுதி ஆகியன வரட்டும். மூன்றாம் படியில் நெய்தவரைப் பற்றியும், ஊரைப் பற்றியும், சங்கத்தைப் பற்றியும் கூறலாம். நமது பட்டியல் சங்கத்தின் பெருமையை முதற்பக்கத்தில் வைத்து அளவை விட்டுவிட்டது. மூன்றாம் படியை முதற்படியாக்கியதால் ஏறுபவர் தடுக்கி விழுந்தார்.

செய்முறை

வரும் மாதத்தில் ஒவ்வொரு சங்கமும் ஒரு காரியம் செய்யலாம். விற்பனை நிலையத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, வாங்க வருவோர் வாய்திறந்து கேட்கும் கேள்விகளை அவர்கள் கேட்டவாறே எழுதி வருக. மாத முடிவில் எந்தக் கேள்வி பலமுறை வந்தது என்று எண்ணுக. அவற்றின் விடைகளே அறிவிப்பின் உடல். அதிகம் கேட்கப்பட்டதன் விடை முதலில் வரவேண்டும். எழுதிய பின், நெசவும் வேளாண்மையும் அறியாத ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, "இன்னும் என்ன கேட்பீர்கள்?" என்று கேளுங்கள். அவர் கேட்பதைச் சேர்த்து, அவர் கண் தாண்டிச் சென்ற வரிகளை அடித்துவிடுங்கள். அவர் கேட்க ஒன்றும் இல்லாமலும், தாண்ட ஒன்றும் இல்லாமலும் ஆகும்போது அறிவிப்பு தன் அளவை அடைந்தது எனலாம். அது இருபது சொல்லாயினும் சரி, இருநூறு சொல்லாயினும் சரி.

தறியில் ஓர் இழை குறைந்தால் துணியில் கீறல் தெரியும். ஓர் இழை கூடினால் மேடு தெரியும். எழுத்திலும் அவ்வாறே. அங்கத்தினர் ஒருவர் தம் உழைப்பை நம்மிடம் ஒப்படைத்த பின், அதை அறியாதவருக்கு உள்ளவாறு எடுத்துரைப்பது சங்கத்தின் கடமை.

வகுப்பில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. நமது சங்கத்தின் இப்போதைய விலைப்பட்டியலில் போலிச் சரக்கு விற்பவரும் எழுதக் கூடிய சொற்றொடர்கள் எத்தனை?

2. சென்ற ஆண்டில் திரும்பி வந்த சரக்குகள் யாவை? எந்தச் சொல்லை எழுதியிருந்தால் அவை திரும்பி வந்திரா?

3. ஒரே சரக்கை வியாபாரிக்கும் இல்லத்தாருக்கும் விற்பதாயின், இரண்டு அறிவிப்புகளையும் எழுதி ஒப்பிடுக.